இடிந்த சுவரின் அடுத்த வேலை

ஆரணியில் ஒரு நெசவாளர் வீட்டை இடிக்கிறார்கள் என்றால் முதலில் வெளியே வருவது தறிதான். படமரம், பன்னை, மிதிக்கட்டை, மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி உறவுக்காரர் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். அடுத்து நிலை, கதவு, ஜன்னல். வாங்குவதற்கு ஆள் தயாராக நிற்பார். உத்தரத்துத் தேக்குக்குத் தனி விலை. நாட்டு ஓட்டை எண்ணி எடுப்பார்கள். முழுசாகத் தேறும் செங்கல்லைத் தட்டிச் சுரண்டி அடுக்குவார்கள். கம்பி எடைக்குப் போகும், காயலான் கடைக்கு. கடைசியில், குழித்தறி இருந்த பள்ளத்தைச் சுற்றி ஒரு குவியல் மிஞ்சும். உடைந்த கான்கிரீட், பெயர்ந்த பூச்சு, அரைச் செங்கல், தரையிலிருந்து வந்த சிமெண்ட் பாளம், எல்லாவற்றின் மேலும் படிந்த சாம்பல் நிறத் தூள். அதற்கு ஊரில் பெயர் ரப்பீஸ்.

“யாருக்காவது பள்ளம் இருந்தா சொல்லுண்ணா, ஒரு லோடு கொட்டிட்டுப் போறோம்” என்பார் மேஸ்திரி. பள்ளம் உள்ள மனைக்காரர் கிடைத்தால் அங்கே போகும். கிடைக்காவிட்டால் ஏரிக்கரை, சாலையோரப் பள்ளம், கமண்டல நாகநதியின் கரை. ஜவ்வாது மலைப் பக்கமிருந்து வரும் அந்த ஆறு வருடத்தில் பெரும்பகுதி வெறும் மணல். எனவே அங்கே கொட்டுவதைத் தவறென்று யாரும் நினைப்பதில்லை.

அந்த வீட்டிலிருந்து வெளியே போன பொருள்களில் விலை போகாதது இந்தத் தூள் ஒன்றுதான். ஆனால் தண்ணீரில் கரைந்த செம்பையும் ஈயத்தையும் துத்தநாகத்தையும் பிடித்து நிறுத்தும் வலு அதில் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது, எங்கே போகலாம் என்று பார்ப்போம்.

தொடக்கம் கடலில். அரியலூர் வட்டாரம் பல கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில், ஆழமில்லாத கடலாக இருந்தது. அந்தக் கடல் உயிர்களின் ஓடுகளும் சுண்ணச் சேறும் படிந்து படிந்து பாறையாயின. இன்றும் அங்கே சுரங்கம் தோண்டினால் சுருள் சுருளான அம்மோனைட் ஓடுகள் கல்லாகக் கிடைக்கும். தமிழ்நாட்டுச் சிமெண்டில் கணிசமான பங்கு அந்தச் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருகிறது. அரசின் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் நிறுவனமும் 1979 முதல் அங்கே ஆலை நடத்துகிறது. நம் ஆரணிச் சுவருக்கும் மூட்டை அங்கிருந்துதான் வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்து அரைத்து, சுழலும் சூளையில் ஏறத்தாழ 1,450 டிகிரி வெப்பத்தில் சுடுகிறார்கள். கல்லில் இருந்த கரியமிலவாயு வெளியேறிவிடுகிறது. மிஞ்சும் கட்டி கிளிங்கர். அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து மாவாக அரைத்தால் சிமெண்ட். மூட்டையைப் பிரித்து, மணலும் ஜல்லியும் தண்ணீரும் சேர்த்துக் குழைத்தவுடன் உள்ளே இரண்டு பொருள்கள் பிறக்கின்றன. ஒன்று, கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற பசை. கட்டடத்தைத் தாங்குவது இதுதான். இன்னொன்று நாம் வெற்றிலைக்குத் தடவுகிற அதே நீற்றுச் சுண்ணாம்பு, கால்சியம் ஹைட்ராக்சைடு. இறுகிய சிமெண்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை இந்தச் சுண்ணாம்பு இருக்கும். கட்டடப் பொறியாளர்களுக்கு இதனால் ஒரு பெரிய நன்மை: இந்தக் காரம் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. மற்றபடி அது சுவருக்குள் சும்மா இருக்கிறது.

சுவருக்குள் அது கழித்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தறி ஓடியது. பாவு ஏறியது, புடவை இறங்கியது. காற்றிலுள்ள கரியமிலவாயு மட்டும் வெளிப்பக்கமிருந்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராக உள்ளே நுழைந்து சுண்ணாம்பை மறுபடி சுண்ணாம்புக் கல்லாக மாற்றிக்கொண்டே இருந்தது. எவ்வளவு தூரம் நுழைந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியும். புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் உயிரோடு இருக்கும் உட்பகுதி சட்டென்று ராணி கலரில் சிவக்கும். காற்று தின்ற வெளிவிளிம்பு நிறம் மாறாமல் அப்படியே இருக்கும். பல பத்தாண்டு பழைய நல்ல கான்கிரீட்டிலும் நடுப்பகுதி இப்படிச் சிவப்பதைப் பார்க்கலாம். வீடு முடிந்துபோனாலும் அதன் சுண்ணாம்பு முடிந்துபோகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இப்போது கதையின் மறுபாதிக்கு வருவோம், உலோகத்துக்கு.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆரணி, சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றுவட்டம் முழுக்கத் தறிச்சத்தம். அந்தப் புடவையின் மினுக்கு ஜரிகையில் இருக்கிறது. ஜரிகை என்றால் தங்கம் என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். அசல் ஜரிகையில் தங்கம் மேல்முலாம் மட்டுமே. எடையில் பெரும்பகுதி வெள்ளியும் செம்பும், நடுவே பட்டு இழை. ‘டெஸ்டட்’ என்று கடையில் சொல்லப்படும் ஜரிகையோ, அடிப்படையில் முலாம் பூசிய செம்புக் கம்பி.

புடவை நைந்த பிறகு ஜரிகைக்கு ஒரு மறுபிறவி உண்டு. தெருத்தெருவாக வந்து பழைய பட்டுப்புடவை வாங்கிப் போகிறவர்கள் துணிக்காக வாங்குவதில்லை. ஜரிகையை எரித்து, மிஞ்சும் உலோகத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, வெள்ளியைத் தனியே பிரித்தெடுப்பது நாடெங்கும் நடக்கும் தொழில். அமிலக் கரைசலில் செம்புத் தகட்டைப் போட்டால் செம்பு கரையும், அதற்குப் பதில் வெள்ளி சாம்பல் நிறத் தூளாக அடியில் இறங்கும். வெள்ளியை அள்ளிய பிறகு தொட்டியில் மிஞ்சுவது கண்ணைப் பறிக்கும் நீலத் தண்ணீர்: அமிலமும் செம்பும். அழகாக இருக்கும் அந்தத் தண்ணீர் மீனுக்கும் நீர்ப்பாசிக்கும் எமன். இந்திய விதிப்படி ஆற்றில் விடும் கழிவுநீரில் செம்பு லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இந்த நீலத் தண்ணீர் அந்த அளவைப் பல மடங்கு தாண்டியது.

சாயத்திலும் உலோகம் உண்டு. பட்டுக்குப் போடும் சாயங்களில் ஒரு வகை, நிறம் கெட்டியாக நிற்பதற்காக மூலக்கூறுக்குள்ளேயே குரோமியத்தையோ கோபால்ட்டையோ கட்டி வைத்தவை. சில நீலங்களிலும் பச்சைநீலங்களிலும் செம்பு இருக்கிறது. பட்டுச் சாயத் தொட்டியில் அமிலம் சேர்த்துத்தான் நிறத்தை ஏற்றுகிறார்கள். அதனால் வெளியேறும் நீரும் அமிலச் சாய்வோடு இருக்கும். அமிலத்தில் உலோகம் கரைந்தே இருக்கும், படியாது.

காரம் நிறைந்த தூள் ஒரு பக்கம், அமிலமும் உலோகமும் நிறைந்த நீர் இன்னொரு பக்கம். இரண்டும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டு விவசாயி ஏற்கெனவே அறிந்திருக்கிறார், வேறொரு பெயரில். வெற்றிலைக் கொடிக்காலிலும் திராட்சைத் தோட்டத்திலும் பூஞ்சை நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவை எது? மயில்துத்தக் கரைசலோடு சுண்ணாம்புப் பால். கலந்தவுடன் தெளிந்த நீலம் மறைந்து வெளிர்நீலக் கூழ் உண்டாகும். கரைந்திருந்த செம்பு, கரையாத ஹைட்ராக்சைடாக மாறிவிட்டது. கான்கிரீட் தூள் செய்வதும் அதுவே. சுண்ணாம்பை வாங்க வேண்டியதில்லை, இடித்த சுவரே கொடுக்கிறது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இதைச் சுலபமாகப் பார்க்கலாம். பூச்சும் பெயிண்டும் ஒட்டாத கான்கிரீட் துண்டை உடைத்து, சலித்து, ரவை பருமனில் உள்ளதை எடுத்து ஒருமுறை கழுவிக்கொள்ள வேண்டும். கண்ணாடிக் குடுவையில் மயில்துத்தம் கரைத்த நீர். தாள் வைத்துப் பார்த்தால் நீர் அமிலம் காட்டும். ரவையைப் போட்டதும் சில நுண்குமிழிகள் எழும். பழைய கான்கிரீட்டின் சுண்ணாம்புக் கல் அமிலத்தில் கரைகிறது. அடிக்கடி கலக்கிவிட்டால், சாம்பல் துகள்களின் ஓரங்களில் மெல்ல ஒரு நீலப்பச்சைத் தோல் ஏறும். நேரம் ஆக ஆக நீரின் நீலம் வெளுக்கும். கடைசியில் நிறமெல்லாம் நீரிலிருந்து துகளுக்கு இடம் மாறியிருக்கும். துகளை விரல்களுக்கிடையே தேய்த்தால் அந்தத் தோல் செதிலாக உதிர்வதையும் பார்க்கலாம். கையுறை போட்டுக்கொண்டு செய்ய வேண்டும், மயில்துத்தம் விஷம்.

இதை முறையாக அளந்தவர்களில் முக்கியமானவர்கள் இங்கிலாந்தில் நிக்கோலா கோல்மனும் அவருடைய இரண்டு சக ஆய்வாளர்களும். அவர்கள் ஆய்வு 2005-இல் வெளிவந்தது. இடித்த கான்கிரீட்டை உடைத்துப் புது ஜல்லியாக விற்கும் தொழில் அங்கே வளர்ந்திருந்தது. ஜல்லி போனபின் மிஞ்சும் பொடிக்கு வாங்குவோர் இல்லை. சிமெண்ட் அதிகம் இருப்பதோ அந்தப் பொடியில்தான். ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள துகள்களை எடுத்து, செம்பு, துத்தநாகம், ஈயம் கரைந்த நீரில் போட்டார்கள். மூன்றும் பிடிபட்டன. பிடிபட்ட விதம் மட்டும் ஒன்றல்ல. செம்பும் துத்தநாகமும் துகளின் மேற்பரப்பில் படிந்தன. ஈயமோ சிமெண்டின் உள்ளேயே ஊடுருவிப் போய் அமர்ந்தது. பிறகு அதே துகள்களைத் தூய நீரில் ஊறவைத்து, எவ்வளவு திரும்பக் கரைந்து வருகிறது என்று பார்த்தார்கள். செம்பில் 1.9 சதவீதம், துத்தநாகத்தில் 0.9 சதவீதம், ஈயத்தில் 0.2 சதவீதம். மீதி அப்படியே நின்றது. ஈயத்தை இவ்வளவு இறுகப் பிடிக்கும் ஒரு பொருளைத்தான் நாம் ஆற்றங்கரையில் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆய்வகக் குடுவையைத் தாண்டி மண்ணில் இறங்கிய உதாரணமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஷோல்ஹேவன் ஆற்றுச் சமவெளி. அந்த மண்ணில் இயற்கையாகவே கந்தகமும் இரும்பும் சேர்ந்த பைரைட் தாது இருக்கிறது. மேய்ச்சலுக்காக வாய்க்கால் வெட்டி நீரை வடித்தபோது தாதுவில் காற்று பட்டு, கந்தக அமிலம் ஊற ஆரம்பித்தது. அமிலம் மண்ணிலிருந்த அலுமினியத்தையும் இரும்பையும் கரைத்துக்கொண்டு வாய்க்காலுக்கு வந்தது. அப்படிப்பட்ட நீர் மீன்களைக் கொல்லும். இலங்கையில் பிறந்து வொல்லொங்காங் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புத்திம இந்திரரத்னவின் குழு, 2006 அக்டோபரில் அங்கே நிலத்தடி நீர் ஓடும் வழிக்குக் குறுக்கே ஒரு நீண்ட பள்ளம் வெட்டியது. நீளம் ஏறத்தாழ 18 மீட்டர், ஆழம் 3 மீட்டர். அதில் நிரப்பியது, இடித்த கட்டடங்களிலிருந்து வந்த கான்கிரீட் ஜல்லி. பம்பும் இல்லை, மின்சாரமும் இல்லை. நீர் தன் போக்கில் ஜல்லிக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறியது. உள்ளே போகும்போது கடும் அமிலம். வெளியே வரும்போது அமிலம் தணிந்து, அலுமினியமும் இரும்பும் பெருமளவு குறைந்திருந்தன.

குறையும் தெரிந்தது. படியும் அலுமினிய, இரும்புச் சேறு ஜல்லியின் மேல் கவசம்போல ஒட்டிக்கொள்கிறது. நாளாவட்டத்தில் உள்ளே இருக்கும் சுண்ணாம்பு நீரைத் தொட முடியாமல் போகிறது, இடைவெளிகளும் அடைபடுகின்றன. ஆகவே இப்படி ஒரு பள்ளத்தை வெட்டிவிட்டு மறந்துவிட முடியாது. அதற்கும் ஆயுள் உண்டு, பராமரிப்பு உண்டு.

இதைப் படித்ததும் ஆரணிக்காரர் மனத்தில் எழும் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும்: அப்படியானால் ராணிப்பேட்டைக்கு இது உதவுமா?

ராணிப்பேட்டை ஆரணிக்கு அருகில் இருக்கும் ஊர் மட்டுமல்ல. அது பாலாற்றங்கரை ஊர். கமண்டல நாகநதி செய்யாற்றில் சேருகிறது. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. இரண்டு ஊர்த் தண்ணீரும் கடைசியில் ஒரே ஆறு. தோல் பதனிடும் தொழிலுக்கான குரோமிய ரசாயனங்களைத் தயாரித்து 1990-களில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலையின் வளாகத்தில் ஏறத்தாழ 2.27 லட்சம் டன் குரோமியக் கழிவு குவிந்தது. 2006-இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது அதில் ராணிப்பேட்டையும் இருந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. தோல் கழிவு பற்றிய அடுத்த பெரிய தீர்ப்பை 2025 ஜனவரி 30 அன்றும் அதே நீதிமன்றம் எழுத வேண்டியிருந்தது என்பதிலிருந்து, இடைப்பட்ட ஆண்டுகள் எப்படிப் போயின என்று புரிந்துகொள்ளலாம்.

கேள்விக்குப் பதில்: கான்கிரீட் தூள் மட்டும் ராணிப்பேட்டைக்கு உதவாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மலிவான மருந்து ஒன்று கிடைத்துவிட்டது என்றதும் அதை எல்லா நோய்க்கும் சிபாரிசு செய்யும் வழக்கம் நம்மிடம் உண்டு. அங்கே மண்ணிலும் நீரிலும் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். செம்பும் ஈயமும் நேர்மின் அயனிகள். காரம் பட்டால் படியும். இந்தக் குரோமியமோ ஆக்சிஜனோடு சேர்ந்து எதிர்மின் அயனியாக அலைகிறது. காரத்தில் படியாது, இன்னும் தாராளமாக ஓடும். குரோமைட் தாதுவைச் சோடா உப்போடு வறுத்தெடுத்த மிச்சம் என்பதால் அந்தக் கழிவே காரத்தன்மை உள்ளது. காரத்தின் மேல் காரத்தைக் கொட்டி ஒரு பயனும் இல்லை.

முதலில் அந்தக் குரோமியத்தை மூன்று இணைதிறனுக்கு இறக்க வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கொடுக்கும் இரும்பு உப்பே அந்த வேலையைச் செய்யும்; தொழிற்சாலைச் சுத்திகரிப்பில் இது பழைய வழி. குரோமியத்தை இறக்கக்கூடிய பாக்டீரியாக்களைக் கொண்டு ராணிப்பேட்டை மண்ணையே சென்னை ஐஐடியில் லிகி பிலிப்பின் குழு ஆராய்ந்திருக்கிறது. மூன்று இணைதிறனுக்கு இறங்கிய பிறகுதான் சுண்ணாம்புக்கோ கான்கிரீட் தூளுக்கோ வேலை வரும். அப்போது குரோமியம் பச்சைச் சேறாகப் படியும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சிமெண்டிலேயே மிகச் சிறிய அளவில் அதே ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது. ஈரச் சிமெண்டில் நாள் முழுக்க வேலை பார்க்கும் கொத்தனார்களின் கையில் வெடித்துப் புண்ணாகும் ஒவ்வாமைக்கு அதுவும் ஒரு காரணம். ஐரோப்பிய நாடுகள் 2005 முதல் சிமெண்டில் அதன் அளவைப் பத்து லட்சத்தில் 2 பங்குக்குள் கட்டுப்படுத்தியிருக்கின்றன. ஆகவே எந்தக் கான்கிரீட் தூளையும் கழுவாமல், சோதிக்காமல் நீரில் போடக் கூடாது.

குவியலில் செங்கல்லும் இருக்கிறதே, அதற்கு வேலை இல்லையா? உண்டு. சுட்ட செங்கல்லின் சிவப்பு இரும்பு ஆக்சைடு. அந்த இரும்புக்கு ஆர்சனிக்கோடு ஒட்டும் குணம் உண்டு. வங்கதேசத்தின் குடிநீர் ஆர்சனிக்குக்காக வேதியியலாளர் அபுல் ஹுஸ்ஸாம் வடிவமைத்த சோனோ வடிகலத்தில் மணல், மரக்கரி, இரும்புத் துருவல் ஆகியவற்றோடு செங்கல் துண்டும் ஓர் அடுக்கு. முதன்மை வேலையைச் செய்வது இரும்புத் துருவல்தான். ஆனாலும் அந்த எளிய பொருள்களின் கூட்டுக்கு 2007-இல் பத்து லட்சம் டாலர் கிரெய்ஞ்சர் பரிசு கிடைத்தது. செங்கல் தூளையும் சுண்ணாம்பையும் சேர்த்தால் என்ன வலு வரும் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1895-இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணை நிற்பது சுண்ணாம்பு சுர்க்கிக் கலவையில். சுர்க்கி என்பது அரைத்த செங்கல்.

சாயத் தண்ணீருக்கு வருவோம். கான்கிரீட் தூள் அதிலுள்ள உப்பை எடுக்காது. கால்சியத்தைக் கொஞ்சம் கூட்டவும் செய்யும். நிறத்தை முழுக்க எடுக்கும் என்றும் நம்பக் கூடாது. காரத்தின் அளவு மீறினால், படிந்த துத்தநாகமும் ஈயமும் மறுபடி கரையத் தொடங்கும். வெளியேறும் நீரின் காரத்தைக் குறைத்து, விதி சொல்லும் 5.5-க்கும் 9-க்கும் இடைப்பட்ட அமில-கார அளவுக்குக் கொண்டுவந்த பிறகே விட வேண்டும். இத்தனைக்குப் பிறகும் இது குடிநீர் அல்ல. சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் நீரின் உலோகச் சுமையைக் குறைக்கும் முதல் தொட்டி, அவ்வளவுதான். அந்த அவ்வளவே பெரிது. சுண்ணாம்பு வாங்கக்கூட யோசிக்கும் சிறு பட்டறைக்கு, கூலி மட்டும் கொடுத்தால் கிடைக்கும் பொருளில் முதல் தொட்டி அமைகிறது.

வேலை முடிந்த தூளின் கதிதான் எனக்குப் பெரிய கவலை. நீலப்பச்சை ஏறிய அந்த ரவை இனி ரப்பீஸ் அல்ல, அபாயகரமான கழிவு. தூய நீரில் 1.9 சதவீதச் செம்புதான் கரைந்தது என்பது உண்மை. ஆனால் அதன்மேல் அமிலம் பட்டால் பிடித்ததையெல்லாம் விட்டுவிடும். அதை மறுபடி ஆற்றங்கரையிலேயே கொட்டினால் இவ்வளவு பாடும் வீண். தமிழ்நாட்டில் அபாயகரக் கழிவைப் பெற்றுப் புதைக்கும் நிலையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. இத்தகைய இடங்களில் உலோகச் சேற்றைச் சிமெண்டோடு குழைத்து இறுக வைத்துத்தான் புதைப்பது வழக்கம். சுவரிலிருந்து வந்த சிமெண்ட் மறுபடி சிமெண்டுக்குள் போய் முடிகிறது. அதன் முறையான கடைசி ஊர் அதுவே.

சட்டம் என்ன சொல்கிறது? கட்டட இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள் 2016 மார்ச்சில் வந்தன. ஒரு நாளைக்கு 20 டன்னுக்கு மேல், அல்லது ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேல் கழிவு உண்டாக்குபவர் கான்கிரீட், மண், மரம், இரும்பு, செங்கல் எனப் பிரித்து வைக்க வேண்டும் என்றன அவை. ஐந்து லட்சத்துக்குக் குறைவான மக்கள் உள்ள ஊர்கள் 36 மாதத்தில் ஏற்பாடுகளை முடித்திருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் 63 ஆயிரம் பேர் கொண்ட ஆரணியும் அதில் சேர்த்தி. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு உரிய புது விதிகளோ 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டுமானங்களின் மீது பொறுப்பைச் சுமத்துகின்றன. தறிவீடு இந்த வரம்பு எதிலும் சிக்காது. ஒவ்வொரு வீடாக இடிபடும் சிற்றூரில் எந்த வீட்டுக்காரரும் சட்டத்தின் கண்ணில் பெரிய அளவில் கழிவு உண்டாக்குபவராகத் தெரிவதில்லை. ஆற்றங்கரைக் குவியல் மட்டும் வளர்கிறது. நாட்டில் ஆண்டுக்கு 15 கோடி டன் கட்டடக் கழிவு உண்டாவதாகவும் அதில் ஒரு சதவீத அளவே மறுசுழற்சி ஆவதாகவும் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2020-இல் எழுதியது. அந்தக் கணக்கில் ஆரணியின் குவியலும் அடக்கம்.

இந்தத் தூளை மருந்தாக்குவதும் குப்பையாக்குவதும் இடிக்கும் நாளிலேயே தீர்மானமாகிறது. எல்லாம் கலந்த பிறகு பிரிப்பது நடக்காத காரியம். பழைய பெயிண்ட் ஒட்டிய பூச்சில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைப் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்குள் வைக்கச் சொல்லும் விதியே 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. கல்நார் ஷீட் உடைந்து கலந்தால் குவியல் முழுதும் கெட்டது. ஆரணியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது. சிவில் மாணவர்களுக்குப் பினாப்தலீன் தெளித்துப் பார்ப்பதும், ரவையாகச் சலித்து மயில்துத்த நீரில் சோதிப்பதும் ஒரு பருவத்துக்கான செயல்திட்டம். நகராட்சி தர வேண்டியது வேலி போட்ட ஒரு மனை, ஈரம் தெளித்து உடைக்கும் ஒரு சிறு இயந்திரம். ஈரம் முக்கியம், காய்ந்த கான்கிரீட் தூள் உடைப்பவரின் நுரையீரலைத் தின்னும்.

வீடு இடிக்கக் கொத்துவேலைக்காரரிடம் பேரம் பேசுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மரத்துக்கும் கம்பிக்கும் எழுதும் அதே தாளில் இன்னும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: கான்கிரீட் தனி, செங்கல் தனி, பெயிண்ட் ஒட்டிய பூச்சும் கல்நார் ஷீட்டும் தனி. அதற்கு ஆகும் அரை நாள் கூலியைத் தயங்காமல் கொடுங்கள்.